பல் பிரஷ் விற்றுப் பயணம் போன பெண்கள்!

அமெரிக்காவில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் பற்றித்தான் எங்கும் பேச்சு. அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து தங்களுக்குள் ஒரு வட்டாரக் கூட்டமைப்பு வைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் ஒன்றோடொன்று ஆடும். முடிவில் அந்த வட்டாரத்துக்கென ஒரு போட்டி நடக்கும். ஓர் ஆட்டம் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசிவரை நிற்கும் அணி தேசியப் போட்டிக்குப் போகும்.

இன்று இந்தப் பந்தயங்களில் பெண்களுக்குக் கிடைத்திருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. 2024-ம் ஆண்டு பெண்கள் இறுதி ஆட்டத்தில் தென் கரோலினாவும் அயோவாவும் மோதியபோது, அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்த்தனர். அதே ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றில் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

இந்த ராஜபாட்டை ஒரே நாளில் போடப்பட்டதல்ல. இதன் முதல் கற்களைச் சுமந்தவர்கள் யார் என்று தேடிப் போனால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன், சொந்தமாக ஓர் ஆட்டக்கூடம்கூட இல்லாத ஒரு சிறிய பெண்கள் கல்லூரியில் போய் நிற்போம். பயணச் செலவுக்குப் பணம் இல்லாமல் பல் துலக்கும் பிரஷ் விற்ற பெண்கள் அவர்கள்!

எரிந்துபோன கூடம்

பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு மேற்கே சிறிது தொலைவில் இருக்கிறது இம்மாகுலேட்டா கல்லூரி. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் 1920-ல் தொடங்கியது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள், பலர் தங்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், அங்கே படித்தார்கள்.

பிலடெல்பியாப் பகுதியில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் தனித்தனியே பெண்கள் கூடைப்பந்து அணிகள் உண்டு. ஆகவே கல்லூரிக்கு வரும்போதே நன்றாக ஆடத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆட இடம்தான் இல்லை. கல்லூரியின் ஆட்டக்கூடம் 1967-ல் தீயில் எரிந்து போயிற்று. அதன்பின் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் இருந்த சிறிய கூடமே பயிற்சிக்கு இடமாயிற்று. சொந்த மண்ணில் ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பிற ஊர்களுக்கும் பிறர் கூடங்களுக்கும் போய்த்தான் ஆட வேண்டும்.

ஆட்ட உடையோ கேட்க வேண்டியதே இல்லை. கனத்த துணியில் மடிப்பு வைத்த பாவாடைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதே ஒரு சாதனை.

இந்த நிலையில் 1970-ல் கல்லூரி ஒரு புதிய பயிற்சியாளரை நியமித்தது. பெயர் கேத்தி ரஷ். வயது 22. மாணவிகளைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். சம்பளம் ஒரு பருவத்துக்கு 450 டாலர். அன்றைய நாணய மாற்றுப்படி சுமார் 3,400 ரூபாய். மாதச் சம்பளம் அல்ல, முழுப் பருவத்துக்கும் அவ்வளவே! அவர் கணவர் ஆண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டங்களில் நடுவர். ஆகவே ஆட்டத்தின் நெளிவுசுளிவுகள் வீட்டிலேயே பேசப்படும் விஷயம்.

கல்லூரிக்கு வந்து சேர்ந்த பெண்களில் தெரசா ஷாங்க் என்பவர் உயரமானவர். ஆட்டத்தில் மிகத் தேர்ந்தவர். அவர் வேறொரு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேருவதாக இருந்தது. குடும்பத்தின் வீடு தீப்பற்றி எரிந்ததால், தொலைவில் போய்ப் படிக்காமல் வீட்டுக்கு அருகில் இருக்கவேண்டி இம்மாகுலேட்டாவில் சேர்ந்தார். ஒரு தீ கூடத்தைக் கொண்டுபோயிற்று. இன்னொரு தீ ஒரு வீராங்கனையைக் கொண்டுவந்து சேர்த்தது!

ஆறு பேர் ஆட்டம் ஐந்து பேர் ஆனது

கூடைப்பந்து 1891-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்த ஆட்டம். மறு ஆண்டே அதே மாநிலத்தில் உள்ள ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது, முட்டி மோதினால் நாகரிகம் ஆகாது என்று அக்காலத்துப் பெரியவர்கள் கருதினர். ஆகவே ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு வெளியே போகக்கூடாது என்றும், பிறர் கையில் உள்ள பந்தைப் பிடுங்கக்கூடாது என்றும், பந்தைத் தட்டிக்கொண்டு அதிக தூரம் ஓடக்கூடாது என்றும் விதி வகுத்தார் பெரன்சன்.

அந்த விதிகள் பற்பல மாறுதல்களுடன் எழுபது எண்பது ஆண்டுகள் நீடித்தன. அணிக்கு ஆறு பேர். சிலர் பாதிக் களத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால், இந்தப் பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்! 1971-ல்தான் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு ஆண்களைப் போலவே ஐந்து பேர், முழுக் களம் என்ற விதி நிரந்தரமாயிற்று.

அதே சமயம் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம் உருவாயிற்று. ஆண்கள் விளையாட்டைக் கவனித்துவந்த என்.சி.ஏ.ஏ. அமைப்பு அப்போது பெண்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதிய சங்கம் தன் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை 1972 மார்ச் மாதம் நடத்துவதாக அறிவித்தது. நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் போட்டி வைத்து, மொத்தம் 16 அணிகளைத் தேர்ந்தெடுப்பது திட்டம்.

புது விதி, புதுச் சங்கம், புதுப் போட்டி. இம்மாகுலேட்டாவிலோ புதுப் பயிற்சியாளர். காலம் கூடிவந்தது என்றே சொல்ல வேண்டும்.

32 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி

அந்தப் பருவத்தில் இம்மாகுலேட்டா ஆடிய ஆட்டங்களில் எல்லாம் வெற்றி. ஒரு தோல்விகூட இல்லாமல் வட்டாரப் போட்டிக்குள் நுழைந்தனர். அங்கேயும் ஜெயித்து இறுதி ஆட்டம் வரை போய்விட்டனர்.

இறுதியில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர் கல்லூரி. இரண்டும் ஒரே மாவட்டத்துக் கல்லூரிகள். ஆனால் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரி. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில் பேர்பெற்றது. 1969-ல் பெண்களுக்கான தேசிய அழைப்புப் போட்டியைத் தன் ஊரிலேயே நடத்தி, தானே வென்ற கல்லூரி. பெண்கள் கூடைப்பந்து என்றால் அந்த வட்டாரத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

ஆட்டம் முடிந்தபோது வெஸ்ட் செஸ்டர் 70, இம்மாகுலேட்டா 38!

32 புள்ளி வித்தியாசம் என்பது சாதாரணத் தோல்வி அல்ல. மூன்று புள்ளி எறிதல் என்பது இல்லாத காலம் அது. ஒரு கூடைக்கு இரண்டு புள்ளிதான். பருவம் முழுவதும் சேர்த்த பேர் ஒரே மாலையில் கரைந்துபோன மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் விதியில் ஒரு வாசல் திறந்திருந்தது. வட்டாரத்தில் இரண்டாம் இடம் பெற்ற அணியும் தேசியப் போட்டிக்குப் போகலாம். இம்மாகுலேட்டாவுக்கு இடம் கிடைத்தது. 16 அணிகளில் தகுதி வரிசைப்படி 15-வது இடம். போட்டி நடத்தியவர்களின் கணக்கில், இவர்களுக்குப் பின்னால் ஒரே ஓர் அணிதான்.

யாரை விட்டுவிட்டுப் போவது?

போட்டி நடக்கும் இடம் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊர். பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம் அல்ல. விமானத்தில் போக வேண்டும்; தங்க வேண்டும்; சாப்பிட வேண்டும். கல்லூரியின் வரவு செலவில் இதற்கென்று ஒரு பைசாவும் ஒதுக்கியிருக்கவில்லை. யாரும் எதிர்பார்க்காத பயணம் அல்லவா?

மாணவிகள் தெருவில் இறங்கினார்கள். வீடு வீடாகப் பல் துலக்கும் பிரஷ் விற்றார்கள். தெரிந்தவர், அறிந்தவர் எல்லாரிடமும் கை நீட்டினார்கள். பெற்றோர் கொடுத்தார்கள். கல்லூரியும் தன்னால் ஆனதைத் திரட்டிக் கொடுத்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது எட்டுப் பேர் போகத்தான் பணம் வந்தது.

அணியில் இருந்தவர்களோ பதினொரு பேர்.

பருவம் முழுவதும் அதே சிறிய கூடத்தில், அதே கனத்த உடையில், ஒன்றாக வியர்வை சிந்திய பெண்கள். அவர்களில் மூன்று பேரை ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஆட்டத்தில் தோற்பதைவிட இது கொடுமை. அந்த மூன்று பேரின் பெயர்கள் இன்று எந்தப் பாராட்டு விழாவிலும் முன்வரிசையில் வருவதில்லை. ஆனால் எட்டுப் பேரைப் பதினொரு பேர் சேர்ந்துதான் அனுப்பினார்கள் என்பதை மறக்கலாகாது.

போன எட்டுப் பேருக்கும் சொகுசுப் பயணம் கிடைத்துவிடவில்லை. விமானத்தில் காலி இடம் இருந்தால் மட்டும் ஏற்றிக்கொள்ளும் மலிவு டிக்கெட். நம் ஊரில் வெயிட்டிங் லிஸ்ட் சீட்டை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்று, டி.டி.இ.யின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி! தேசியப் போட்டியில் ஆடப் போகும் அணி இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று விமான நிலையத்தில் காத்திருந்தது.

நார்மல் நகரில் நான்கு ஆட்டங்கள்

முதல் ஆட்டம் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக அணியுடன். 60-47 என்ற கணக்கில் இம்மாகுலேட்டாவுக்கு வெற்றி. சரி, ஒரு ஆட்டமாவது ஜெயித்தோம் என்ற திருப்தி.

இரண்டாவது ஆட்டம் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்துடன். 49-47. ஒரே ஒரு கூடை வித்தியாசம்.

மூன்றாவது, அரையிறுதி. எதிரே மிசிசிப்பி மாநில மகளிர் கல்லூரி. 1971-ல் நடந்த தேசிய அழைப்புப் போட்டியில் வென்றவர்கள். 46-43 என்று இம்மாகுலேட்டா தப்பிப் பிழைத்தது.

எட்டே பேர். மாற்று ஆட்டக்காரர்கள் மூன்றே பேர். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரை ஓட வேண்டியிருந்தது. அந்த மூன்று ஆட்டங்களையும் தாண்டி மார்ச் 19-ந் தேதி இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றபோது எதிரே யார் என்று நினைக்கிறீர்கள்?

அதே வெஸ்ட் செஸ்டர்!

சில நாட்களுக்கு முன்தான் 32 புள்ளியில் நசுக்கியவர்கள். ஒரே மாவட்டத்து இரண்டு அணிகள், நாட்டின் பாதித் தூரம் பறந்து வந்து, முதல் தேசியப் பட்டத்துக்கு ஒன்றையொன்று எதிர்கொண்டன. இம்மாகுலேட்டாவுக்கு இழக்க ஒன்றும் இல்லை. வெஸ்ட் செஸ்டருக்கோ ஜெயித்தே ஆகவேண்டிய ஆட்டம்.

தெரசா ஷாங்க் மட்டும் 26 புள்ளிகள் எடுத்தார். அதாவது அணியின் கணக்கில் சரிபாதி. முடிவு: இம்மாகுலேட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48.

தகுதி வரிசையில் பதினைந்தாவதாக வந்தவர்கள் முதலாவதாகத் திரும்பினார்கள். பருவக் கணக்கு 24 வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியும் எந்த அணியிடம் வந்ததோ, அந்த அணியிடமே வட்டியும் முதலுமாக வசூலாகிவிட்டது.

வாளிச் சத்தமும் ஜெபமாலையும்

அதற்குப் பின் இம்மாகுலேட்டாவின் ஆட்டம் என்றால் பார்க்கக் கூட்டம் கூடியது. நீண்ட அங்கி அணிந்த கன்னியாஸ்திரீகள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு கையில் ஜெபமாலையும் மறு கையில் குச்சியுமாக வாளிகளைத் தட்டி முழக்குவார்கள்! வீராங்கனைகளில் ஒருவரான ரெனே மூத்தின் தந்தை இரும்புச் சாமான் கடைக்காரர். கடையிலிருந்து தகர வாளிகளைக் கொண்டுவந்து கொடுத்து, உற்சாகப்படுத்தத் தட்டுங்கள் என்றார். கூடமே அதிரும். எதிர் அணிக்குப் பயிற்சியாளர் சொல்வது காதில் விழாது.

1973-ல் 20 ஆட்டம், 20 வெற்றி, மீண்டும் தேசியப் பட்டம். 1974-லும் பட்டம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள்! 1975-லும் 1976-லும் இறுதி ஆட்டம் வரை வந்து, மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் அணியிடம் தோற்றனர்.

1975 ஜனவரி 26-ந் தேதி மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துடன் இம்மாகுலேட்டா ஆடிய ஆட்டம் தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அதுவே முதல் தடவை. பெரிய பல்கலைக்கழகத்தை 80-48 என்று வென்றது சின்னக் கல்லூரி. மறு மாதம் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முதன்முதலாகப் பெண்கள் கல்லூரி ஆட்டம். குவீன்ஸ் கல்லூரியை இம்மாகுலேட்டா 65-61 என்று வென்றதைப் பார்க்க ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் வந்திருந்தனர். மூன்றே ஆண்டுகளுக்கு முன் பிரஷ் விற்ற பெண்கள் அணி இது!

சட்டம் கொடுத்தது, சட்டமே எடுத்தது

முதல் பட்டம் வென்று மூன்று மாதம் கழித்து, 1972 ஜூன் 23-ந் தேதி, அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. மத்திய அரசின் பண உதவி பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று பேதம் காட்டக்கூடாது என்பது அதன் சாரம். ‘டைட்டில் ஒன்பது’ என்று பேர்பெற்ற இந்தச் சட்டத்தில் விளையாட்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதிகம் பலன் கண்டது விளையாட்டுத்தான். 1971-72-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டில் ஈடுபட்ட பெண்கள் சுமார் 2 லட்சத்து 94 ஆயிரம் பேர். இன்று 30 லட்சத்துக்கும் மேல்.

பெரிய பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. பெண்களுக்கும் கூடம் கட்டின. பயிற்சியாளருக்கு நல்ல சம்பளம் கொடுத்தன. 1973 முதல் விளையாட்டு உதவித்தொகையும் அனுமதிக்கப்பட்டது. திறமையான பெண்ணுக்குப் படிப்புச் செலவு முழுவதும் இனாம் என்றால், அவள் எங்கே போவாள்? உதவித்தொகை கொடுக்க வழியில்லாத இம்மாகுலேட்டா போன்ற சிறிய கல்லூரிகள் மெல்ல மெல்லப் பின்தங்கின. பாதை போட்டவர்களை, அந்தப் பாதையில் வந்த பெரிய வண்டிகளே ஓரம் கட்டிவிட்டன.

கேத்தி ரஷ் 1977-ல் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் காலத்துக் கணக்கு 149 வெற்றி, 15 தோல்வி. 1982-ல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கும் தேசியப் போட்டி தொடங்கியது. பணமும் செல்வாக்கும் உள்ள அந்த அமைப்பின் முன் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. நிற்க முடியாமல் மூடப்பட்டது.

ஆனால் இம்மாகுலேட்டாவின் விதை வீணாகவில்லை. தெரசா ஷாங்க் திருமணத்துக்குப் பின் தெரசா கிரென்ட்ஸ் என்ற பெயரில் பயிற்சியாளரானார். ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசிப் பட்டத்தை 1982-ல் வென்ற ரட்கர்ஸ் அணி அவர் பயிற்றுவித்ததுதான். அந்தச் சங்கத்தின் முதல் பட்டத்தை ஆடி வென்றவரே கடைசிப் பட்டத்தைப் பயிற்சியாளராக வென்றார்! 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1972-க்குப் பின் அணியில் சேர்ந்த மரியான் கிராஃபோர்டு, மரியான் ஸ்டான்லி என்ற பெயரில் ஓல்டு டொமினியன் அணியை மூன்று முறை தேசியப் பட்டத்துக்கு அழைத்துச் சென்றார். கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் கேத்தி ரஷ் 2008-லும், 1972 முதல் 1974 வரை பட்டம் வென்ற அணி 2014-லும், தெரசாவும் மரியானும் 2022-லும் இடம் பெற்றனர்.

கல்லூரி இன்று பல்கலைக்கழகமாகிவிட்டது. 2005 முதல் ஆண் மாணவர்களும் படிக்கிறார்கள். 2018-ல் தொடங்கிய அட்லாண்டிக் ஈஸ்ட் என்ற வட்டாரக் கூட்டமைப்பின் தொடக்க உறுப்பினர்களில் அதுவும் ஒன்று. விளையாட்டு உதவித்தொகை என்பதே இல்லாத மூன்றாம் பிரிவு அது. அங்கே வட்டாரப் போட்டிக்குத் தயாராகும் பெண்கள், பணத்துக்காக அல்ல, ஆட்டத்துக்காகவே ஆடுகிறார்கள். அந்த வகையில் இம்மாகுலேட்டா தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

நம் வீட்டுப் பெண்கள்

‘பந்து விளையாடினால் சோறு போடுமா?’ என்ற கேள்வி பிலடெல்பியாவுக்கு மட்டும் உரியதல்ல. நம் வீடுகளிலும் நன்றாகவே ஒலிக்கிறது. பள்ளியில் கெட்டிக்காரியாக ஆடிய பெண், பத்தாவது தேர்வு வந்ததும் பந்தை மூலையில் வைத்துவிடுவது சகஜம். அப்பாவுக்கு வெளி மாநிலத்தில் மாற்றல் ஆகிப் புதிய ஊர், புதிய பள்ளி என்றாகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நம் நாட்டில் பெண்களுக்கு நிரந்தரமான தொழில்முறைக் கூடைப்பந்து என்று சொல்லும்படி ஒன்றும் வேரூன்றவில்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவைப்பது ரயில்வே. விளையாட்டுத் தகுதியின் பேரில் வேலை கொடுத்து, கல்லூரி முடிந்த பின்னும் பெண்களை ஆடவைக்கிறது. தெற்கு ரயில்வேயில் பணியாற்றும் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே தெற்கு ரயில்வேயைச் சேர்ந்த, கேரளத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடினார். 2011-ல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கும் அழைக்கப்பட்டார்.

திறமை எங்கும் உண்டு. அதற்கு ஒரு கூடம், ஒரு பயிற்சியாளர், ஒரு பயண டிக்கெட் வேண்டும். இம்மாகுலேட்டாவுக்குக் கூடம் இல்லை. டிக்கெட்டும் காலி இடம் இருந்தால்தான். இருந்தது ஒரு பயிற்சியாளர். வாளி தட்ட நான்கு பேர். பிரஷ் வாங்க ஊரில் சில வீடுகள்.

அடுத்த முறை உங்கள் தெருப் பள்ளிப் பெண்கள் கையில் ரசீதுப் புத்தகத்துடன், போட்டிக்குப் போகிறோம் என்று வாசலில் வந்து நின்றால், பத்து ரூபாய் கொடுத்து அனுப்புங்கள். ஊரில் நின்றுபோக வேண்டியவள் ஒருத்தி குறைவாள்.